எண்ணிக்கையில் என் விரல்

கோபக்கார மாப்பிள்ளைக்கு,

திருட்டு என்று நீ சொன்னதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எவன் பையிலும் நான் கை விடவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினேன், அவ்வளவுதான். அழுத்தினால் ஏறுகிற மாதிரி அந்த எண்ணை வைத்தது யார், நானா?

நீ இருந்தால் இதற்குள் நாலு பதில் சொல்லியிருப்பாய். இப்போது உன் பக்கத்தையும் நானே பேச வேண்டியிருக்கிறது. சரியாக வரவில்லை.

படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். ரயில்வேயில் ஓய்வு பெற்றதும் நீ இன்டர்நெட்டில் ஒரு பக்கம் தொடங்கினாய். மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்குப் போகிற தமிழ் ஆட்களுக்காக. கொள்ளேகாலில் எத்தனை மணிக்கு பஸ், அமாவாசைக்கு எந்த லாட்ஜ் சீக்கிரம் நிரம்பும், மலையில் வெந்நீர் எங்கே கிடைக்கும், இவ்வளவுதான் அதில். சொந்த வீட்டில் என் தங்கச்சி சரசுவே உன் பேச்சைக் கேட்க மாட்டாள்; நீ உலகத்துக்கு பஸ் நேரம் சொல்லக் கிளம்பினாய். ஐந்தாவதோடு நின்ற கொத்தனார் நான், வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தேன்.

அந்தப் பக்கத்துக்கு வருஷா வருஷம் வாடகை. பென்ஷனில் கை வைத்தால் சரசு முகத்தைத் தூக்கினாள். விளம்பரம் பிடிக்கலாம் என்று இருவரும் மலைக்குப் போனோம். இன்டர்நெட்டில் பேனர் போடலாம் என்று நீ பூஜை சாமான் கடைக்காரரிடம் விளக்கினாய்.

"பேனர எங்கண்ணே கட்டுவீங்க? கோயில் பக்கமா, பஸ் ஸ்டாண்ட் பக்கமா?"

"ஆகாசத்துல" என்றேன் நான். அத்தோடு அவர் வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டார். கொள்ளேகால் வரைக்கும் நீ என்னோடு பேசவில்லை.

லாட்ஜ்காரர் ஒருவர்தான் பிடி கொடுத்தார். பக்கத்தின் அடியில், வந்து பார்த்தவர்களை எண்ணுகிற எண் ஒன்று இருந்ததல்லவா, அது ஏறினால் தருகிறேன் என்றார். அது ஏறவில்லை. நீ காலையும் மாலையும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தட்டின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாய்.

அப்புறம்தான் நான் ஹெப்பாள் ரோட்டில் இருக்கிற பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பக்கத்தை மறுபடி மறுபடி வரவழைத்தால் ஒவ்வொரு தடவையும் எண் ஒன்று ஏறும். செங்கல் அடுக்குகிற மாதிரிதான்.

"மச்சான், இன்னைக்கி நூறு பேருக்கு மேல! எங்கெங்கயோ இருந்து பாக்கறாங்க மச்சான்!" என்று நீ ஓடி வந்தாய். சரசு பாயசம் வைத்தாள். நான் இரண்டு டம்ளர் குடித்தேன். லாட்ஜ்காரரும் ஒரு வருஷத்துக்கு விளம்பரம் கொடுத்தார். நான் அழுத்துவதை நிறுத்தவில்லை.

போன மாதம் அந்த சென்டரை நடத்துகிற அம்மா விளையாட்டாகச் சொல்லப்போய் உனக்குத் தெரிந்துவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாய்.

"அதுல ஒருத்தனாவது நெசமா வந்தானா மச்சான்? ஒரே ஒருத்தன்?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் அழுத்தினதை நான் எண்ணி வைக்கவில்லையே.

"திங்கக்கெழம மலைக்குப் போயி லாட்ஜ்காரருகிட்டச் சொல்லிடறேன். அந்த விளம்பரம் நமக்கு வேண்டாம்" என்றாய். ஞாயிற்றுக்கிழமை உனக்கு நெஞ்சு வலித்தது. திங்கட்கிழமை உன்னை எரித்துவிட்டு வந்து நான் இட்லி தின்றேன். எத்தனை தின்றேன், தொட்டுக்கொள்ள என்ன இருந்தது, ஒன்றும் தெரியாது. அன்றிலிருந்து எல்லாம் அப்படித்தான் போகிறது.

இன்று காலை லாட்ஜ்காரர் துக்கம் கேட்க வந்தார். அடுத்த வருஷத்துக்கும் விளம்பரம் தருகிறேன் என்றார். அது வராவிட்டால் உன் பக்கம் இந்த மாதத்தோடு போய்விடும்.

"அத்தன சனம் அவரு எழுதுனதப் படிச்சிருக்குதுங்க" என்றாள் சரசு, உன் படத்தின் கீழே உட்கார்ந்துகொண்டு. அவளிடம் இப்போது அது ஒன்றுதான் இருக்கிறது.

நீ சொல்ல நினைத்ததை நான் சொன்னேன். "அந்த நம்பர ஏத்துனது நாந்தானுங்க. சென்டர்ல உக்காந்து வெரலு நோக அமுத்துனேன்."

அவர் சிரித்துவிட்டார். "ஹௌதா, அப்படியா? துக்க வீட்லயும் உங்க கிண்டல் போகலியே பெரியவரே!"

"கிண்டல் இல்லீங்க. மாதேசன் மேல சத்தியமா."

"ஆகாசத்துல பேனர் கட்டறவர்தானே நீங்க? மலை முழுக்கத் தெரியும்!"

இத்தனை வருஷம் ஊரைக் கிண்டல் செய்ததற்குக் கூலி இன்றைக்குத்தான் கிடைத்தது. அவர் நம்பாமலே கிளம்பிப் போனார்.

சரசு சிரிக்கவில்லை. "எத்தனை, அண்ணா?" என்றாள்.

"தெரியல சரசு. ஆனா மாப்ள..." என்று ஆரம்பித்தேன். உனக்கு இது தெரியாமல் நடந்தது, தெரிந்ததும் நீ ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல வந்தேன். அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இந்தக் கடிதத்தை உன் பக்கத்திலேயே போடச் சொல்லி சென்டர் அம்மாவிடம் கொடுக்கப் போகிறேன். லாட்ஜ்காரர் படித்துவிட்டு விளம்பரத்தை எடுத்துக்கொள்ளட்டும். பக்கம் போனாலும் போகட்டும். சரசு இன்னும் சமையலறையில்தான் இருக்கிறாள். அவள் வெளியே வரும்வரை நான் கூடத்தைவிட்டு நகர மாட்டேன், மாப்பிள்ளை. மிச்சத்தையும் அவளிடம் சொல்லிவிடுகிறேன்.

உன் சரசுவின் அண்ணன்