வம்சாவளியில் உங்கள் பெயர்

பீரனப்பள்ளி,
6-6-2011

அன்புள்ள அண்ணாவுக்கு, தங்கை சிக்கம்மா வணங்கி எழுதுவது. வீரபத்திர சாமி புண்ணியத்தில் எல்லோரும் சௌக்கியம். அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததா?

மாதேவி பன்னிரண்டாம் வகுப்பில் ஆயிரத்து நூற்று நாற்பது வாங்கியிருக்கிறாள். கால்நடை மருத்துவப் படிப்புக்கு ஜூலை எட்டாம் தேதி கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குள் குருமன்ஸ் என்று பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். பதினோரு முறை ஆபீசுக்கு நடந்துவிட்டேன். தேதிகள் பால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. "பள்ளிக்கூடத்துல கவுண்டர்னு இருக்கேம்மா, நீ எப்படி பழங்குடி?" என்கிறார்கள்.

அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தது நீங்கள்தானே? எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. "கவுண்டர்னு போடுங்க சார், அதான் மரியாதை" என்றீர்கள். குறையாகச் சொல்லவில்லை. அவள் அப்பா பக்கத்தில் யாரிடமும் சான்றிதழ் இல்லை; என் கூடப் பிறந்தவருடையது இருந்தாலும் தருவார்களாம். வேலைக்குச் சேர நீங்கள் வாங்கிய குருமன்ஸ் சான்றிதழில் ஒரு நகல் அனுப்புங்கள்.

உங்கள் தங்கை,
சிக்கம்மா

சேலம்,
13-6-2011

சிக்கம்மாவுக்கு,

மாதேவியின் மதிப்பெண் கேட்டுச் சந்தோஷம். நகல் அனுப்ப முடியாது. அனுப்பினால் என் ஃபைலையும் தோண்டுவார்கள். ஓய்வுக்கு இரண்டே வருடம். பையன் ராஜேஷுக்குக் கவுண்டர் வீட்டில் பெண் பேசி முடித்திருக்கிறோம், ஆவணியில் கல்யாணம். ஆபீசைத் தவிர இங்கே நாம் யாரென்று யாருக்கும் தெரியாது. விசாரணை என்று தெருவுக்கு ஆள் வந்தால் மானம் போய்விடும்.

வம்சாவளி கேட்டால் கூடப் பிறந்தவர் இல்லை என்று எழுதிவிடு. அவளை வேறு ஏதாவது படிக்க வை. பெண்பிள்ளைக்கு மாட்டு டாக்டர் வேலை எதற்கு?

பிரபு

பீரனப்பள்ளி,
30-6-2011

பீரப்பண்ணனுக்கு, சிக்கம்மா எழுதுவது. அப்பா வைத்த பெயரில்தான் கூப்பிடுகிறேன், பிரபு நீங்களாக மாற்றிக்கொண்டது.

போன வியாழன் விசாரணை அதிகாரி வந்தார். வாசலில் நாற்காலி போட்டேன். "உங்க ஆளுங்க தலையில தேங்கா உடைப்பாங்களாமே, உடைங்க, போட்டோ எடுத்துக்கறேன்" என்றார். ஆடியில் வாருங்கள், விரதமிருந்து சாமி முன்னால் உடைப்போம் என்றேன். "அதுவரைக்கும் உங்க சாமி லீவா?" என்று கூட வந்தவரைப் பார்த்துச் சிரித்தார்.

மாதேவி அப்பா தலைத்துண்டை அவிழ்த்துவிட்டுக் கையில் தேங்காயோடு தரையில் உட்கார்ந்தார். "விடு சிக்கி, புள்ள படிக்கணும்" என்றார். அந்த மனுஷன் தலையைக் குனிந்தார். மாதேவிதான் தேங்காயைப் பிடுங்கினாள். "சார், நீங்க என்ன ஆளுங்கன்னு முதல்ல ஒரு வித்தை காட்டுங்க. அப்புறம் எங்கப்பா உடைப்பாரு."

அவர் 'வழக்கம் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார். செவ்வாய்க்கிழமை மனு தள்ளுபடி.

அவர்மேல்கூட எனக்குப் பாதிக் கோபம்தான். சம்பளத்துக்கு நீங்கள் குருமன்ஸ், சம்பந்தத்துக்குக் கவுண்டர். என் மகள் இரண்டுமில்லாமல் நடுத்தெருவில் நிற்கிறாள். அவள் வாயில் கவுண்டரைத் திணித்தது யார்?

நேற்று மேல்முறையீடு எழுதினேன். வம்சாவளிப் படிவத்தைச் சாமி விளக்கின் முன் வைத்து நிரப்பினேன். அங்கே பொய் எழுதக் கை வரவில்லை. அப்பா பெயருக்குக் கீழே, மூத்த மகன் பீரப்பன். உங்கள் ஆபீஸ், தெரு, கதவு எண் எல்லாம் எழுதி, பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன். எட்டாம் தேதிக்குள் பதில் வருமோ வராதோ, உங்கள் வாசலுக்கு ஆள் வரும்.

தேங்காய் கேட்டால் பயப்படாதீர்கள். பதினான்கு வயதில் ஆடிப் பண்டிகையில் உடைத்த தழும்பு உச்சந்தலையில் இருக்கிறது. சாயம் பூசிய முடியை விலக்கிக் காட்டுங்கள்.

கல்யாணப் பத்திரிகை அனுப்ப வேண்டாம்.

நம் அப்பாவின் மகள்,
சிக்கம்மா