பத்து அங்குலம் வேண்டாம்

பெரியவளின் அம்மாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய், வீடே கேட்கும். அதனால்தான் டேப்லட்டோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன்.

இதை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பெரியவளுக்குப் பாடம் பார்க்க வேண்டும், சின்னவனுக்கு விளையாட்டு ஓட வேண்டும். அம்மாவுக்கோ உன் போனில் நான் பொட்டளவுதான் தெரிகிறேனாம், பத்து அங்குலமாவது வேண்டுமாம். என் கையிருப்பைச் சொன்னதும் ஒரு கடைக்காரர், "அண்ணே, இந்தக் காசுக்கு கவர்தான் வரும்" என்றார். மூன்று லீவு நாளும் கடை கடையாக ஏறி இறங்கியே போயின.

கடைசியில் தள்ளுபடியில் ஒரு பத்து அங்குலம் சிக்கியது. என் காசுக்குள்தான். "கேமரா எவ்ளோ தெளிவு பாருங்க" என்று கடைக்காரர் அதை என் முகத்துக்கு நேரே பிடித்தார். பார்த்தேன். சலவைக்கூடத்து ஆவியில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போட்டதில் கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், யாரோ மாதிரி இருந்தேன். அம்மா இதைப் பார்த்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

"ஏழு அங்குலம் குடுங்க" என்றேன்.

"இவ்ளோ நேரம் பெருசு பெருசுன்னு உயிர எடுத்தீங்களே!" என்று கத்தினார்.

அலமாரியில் என் கல்யாணத்து பெல்ட் இருக்கும், ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் கொடுத்தனுப்பு. இப்போது போடுவது இடுப்பில் நிற்கவில்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. அம்மா கேட்டால், பெரியது வாங்கக் காசு போதவில்லை என்று சொல்.

உன் வீட்டுக்காரன்