பின்வாசலில் ஒரு பேசின்

அக்கா,

இன்று காலை பேசினைத் துலக்கி வைத்துவிட்டு, புதுக் கார்பாலிக் சோப்பின் காகிதத்தைப் பிரித்தேன். அந்தக் காட்டமான வாசனை மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்து நின்றுவிட்டீர்கள். ஆஸ்பத்திரி வெள்ளைப் புடவை, இடுப்பில் ஒரு கை, பார்வை என் கால்களில். ஆளைப் பார்த்ததும் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் காலைத்தான் பார்ப்பீர்கள்.

அதே நேரம் முன்வாசலில் சத்தம். ஹைதராபாத்திலிருந்து வந்திருக்கும் மொத்த வியாபாரி நேற்று முதல் என் வீட்டு மாடி அறையில் தங்கியிருக்கிறார். விடியலில் பட்டாசுக் கம்பெனி பார்க்கப் போனவர் திரும்பி வந்து முன்கதவைத் தட்டுகிறார். கம்பெனிக்குப் போய் வந்தவர்கள் சந்து வழியாகப் பின்வாசலுக்கு வந்து, உடை மாற்றி, கை கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று நேற்றே சொல்லியிருந்தேன். தான் என்ன திருடனா, சந்து வழியே வருவதற்கு என்று கேட்டார். சாயங்காலம் வருவதாகவும், அப்போதும் கதவு பூட்டியிருந்தால் பெட்டியையும் ஆர்டரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவதாகவும் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். இந்த சீசனில் எனக்கு வந்த ஆர்டர்களிலேயே பெரியது அவருடையது.

என் கணக்குப்பிள்ளை பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "ஒரு கதவுதானே முதலாளி."

அந்த வார்த்தையை உங்களிடம் நானே ஒருநாள் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் உங்கள் வீட்டுக்கு வந்தபோது என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு பையும் அதற்குள் நாலு மாதிரி மத்தாப்புப் பெட்டியும்தான். வெளியூர் வியாபாரிகளைப் பிடித்துச் சின்னக் கம்பெனிகளுக்கு ஆர்டர் வாங்கிக் கொடுக்கிற தரகு வேலை. ஆடி பிறந்தால் சிவகாசியில் தங்க இடம் கிடைக்காது. லாட்ஜ் என்று பேருக்கு இருந்தவற்றில் மூட்டைப்பூச்சிக்கும் சேர்த்து வாடகை கொடுக்கவேண்டும். மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸம்மா வீட்டில் இரண்டு அறை விடுகிறார்கள், ஆனால் அந்த அம்மா பொல்லாதவர்கள் என்று சொல்லித்தான் ஒருவர் என்னை அனுப்பினார்.

பொல்லாதவர்தான். ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர். அதற்கு மேல் வேண்டுமென்றால் மூன்று தெரு தள்ளிப் போய் அவரவரே இறைத்துவர வேண்டும். ஒருவர் தலையணை உறையை இன்னொருவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊருக்குக் கிளம்புகிறவர் தான் படுத்த விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டு, அடுத்து வருகிறவருக்குக் கட்டிலில் விரித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வாடகை கொடுத்த பிறகு இந்த வேலையும் எங்கள் தலையிலா என்று முதல் தடவை நான் கேட்டேன். "நீங்க வந்தப்ப விரிச்சிருந்துச்சுல்ல? அது தானா விரிச்சுக்கிடுச்சா?" என்றீர்கள். துவைத்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த நீல விளிம்பு எனாமல் பேசின். பட்டாசுக் கம்பெனிக்குள் காலடி வைத்தவர் எவரானாலும் முன்வாசலில் ஏறக்கூடாது, பின்வாசலில் அதில் கழுவிவிட்டுத்தான் வரவேண்டும். போட்டிருந்த துணி வெளிக்கொடியோடு சரி, வீட்டுக்குள் வராது.

என் அறையில் இன்னொருவர் இருந்தார். லேபிள் அச்சடிக்கும் ஆபீசில் மிஷின் ஓட்டுகிறவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாத மை அவர் நகக்கண்ணில் இருக்கும். எங்கள் எல்லோரையும்விட அதிக நேரம் பேசினருகே நிற்பவரும் அவர்தான். "அண்ணாச்சி, தோலையாவது மிச்சம் வைங்க" என்று நீங்கள் கேலி செய்வீர்கள்.

அந்த வருஷம் ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு வந்த கூட்டத்தில் சாத்தூர் வரைக்கும் ஒரு அறையும் காலியில்லை. எனக்கு வாய்த்த முதல் பெரிய வியாபாரி, பெங்களூர்க்காரர், அன்றைக்குத்தான் வந்து இறங்கினார். இரண்டு லாரி லோடு எடுப்பதாகக் கடிதம் போட்டிருந்தார். அது கிடைத்தால் நான் பையைத் தூக்கிக்கொண்டு அலைவது நின்றுவிடும். உங்கள் கையைக் காலைப் பிடித்து அவருக்கு ஓர் அறை வாங்கினேன்.

வந்ததும் அண்ணாச்சியின் விரல்களைத்தான் பார்த்தார். இந்த ஆள் குடிக்கிற தம்ளரிலா நானும் குடிப்பது, இவரை வேறு எங்காவது அனுப்புங்கள் என்றார். அண்ணாச்சி அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். நீங்கள் குரலை உயர்த்தவில்லை.

"அவுக கை கறுப்பு. அழுக்கு இல்ல. உங்களுக்கு ஒத்துக்கிடலைன்னா சத்திரம் அங்கன இருக்கு."

எப்படியோ பேசிச் சமாதானம் செய்து அவரை அச்சங்குளத்துக் கம்பெனிக்குக் கூட்டிப்போனேன். கம்பி மத்தாப்பு செய்கிற கொட்டகை ஒவ்வொன்றிலும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி இறங்கினார். சரக்கு பிடித்துவிட்டது. திரும்பி வரும்போது நல்ல மனநிலையில் இருந்தார். நீங்கள் டியூட்டி முடிந்து இன்னும் வரவில்லை. சந்து முனையில் அவர் நின்று, இந்தச் சாக்கடை ஓரமாகவா என்று முகம் சுளித்தார். நான் யோசித்தேன். இரண்டு லாரி லோடு. ஒரு கதவு.

உள்ளே கைவிட்டுக் கொக்கியை நெம்பி முன்கதவைத் திறந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் நீங்கள் வந்தீர்கள். அடுப்பு பற்றவைக்கும் வேளை. சிம்னி விளக்கை ஏற்றக் குனிந்தவர் அப்படியே நிமிர்ந்து, விளக்கை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தீர்கள். மேற்கு ஜன்னல் வெயிலில் சிமெண்டுத் தரை முழுக்க வெள்ளி வெள்ளியாகப் பாதங்கள் மின்னின. வேர்த்த காலில் ஒட்டிவந்த, மத்தாப்பு மருந்தில் சேர்க்கிற அலுமினியப் பொடி. முன்வாசலில் தொடங்கி அடுப்படியைச் சுற்றிக்கொண்டு பெங்களூர்க்காரரின் கட்டில் வரைக்கும்.

"இந்த வீட்டுக்கு எப்பலேர்ந்து கிருஷ்ணர் வாராரு? சொல்லாமக் கொள்ளாம வந்திருக்காரே" என்றீர்கள்.

அண்ணாச்சி சிரித்துவிட்டார். நீங்கள் சிரிக்கவில்லை. பெங்களூர்க்காரரிடம் பின்பக்கம் போய்த் துணியை மாற்றிக் கழுவிவிட்டு வரச் சொன்னீர்கள். அவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. தான் காசு கொடுத்துத் தங்குகிறவர் என்றும், விருந்தாளியிடம் இப்படிப் பேசுகிற வீட்டை எங்குமே பார்த்ததில்லை என்றும் சொன்னார். நீங்களே அவருடைய பெட்டியை எடுத்துப்போய் வாசலில் வைத்தீர்கள். அந்த மாத வாடகையில்தான் ஒழுகுகிற கூரைக்கு ஓடு மாற்றவேண்டும் என்று முந்தின வாரம்தான் சொல்லியிருந்தீர்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

அவர் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் ஓடினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது அண்ணாச்சி ஈரத்துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த மைபட்ட கையால். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஒரு கதவுதானேக்கா" என்றேன். "அதுக்குப்போய் என் வயித்துல அடிச்சிட்டீகளே."

"தொறந்துவிட்டது யாரு?"

"நான்தான்."

"அவுகளுக்குத் தெரியாது தம்பி. உங்களுக்குத் தெரியும்ல?"

நீங்கள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியைப் பற்றி முதலும் கடைசியுமாக ஒன்று சொன்னீர்கள். "கட்டுப் பிரிக்கிறப்ப துணியோட தோலு வரும். அம்புட்டுப் பேரும் மருந்து ஒட்டின துணியோட அடுப்பு கிட்ட நின்னவுகதான். என் வீட்டுல அது நடக்காது. நீங்க வேற எடம் பாருங்க."

சாத்தூரில் ஒரு கடைவாசலில் ஒரு வாரம் படுத்தேன். அந்த ஆர்டர் போனது போனதுதான். பெங்களூர்க்காரர் கடைசிவரைக்கும் என்னிடம் சரக்கு எடுக்கவில்லை. அந்த சீசன் எனக்குப் பட்டினி சீசன். நீங்கள் அவரிடம் இரண்டு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். விளக்கை வெளியே வைத்துவிட்டு, தரையைத் துடைத்துவிட்டு, மறுநாள் காலை பேசி முடித்திருக்கலாம். நீங்கள் செத்துப்போய்விட்டீர்கள் என்பதற்காக அது சரி என்று ஒத்துக்கொண்டுவிட மாட்டேன்.

எட்டாம் நாள் சந்து வழியாக வந்து, பேசினில் முழங்கை வரை கழுவிக்கொண்டு நின்றேன். அடுப்படியிலிருந்தபடியே, "காலு?" என்று கேட்டீர்கள். கழுவினேன். தட்டு வைத்தீர்கள். அதைப்பற்றி அதற்கப்புறம் நாம் இருவரும் பேசியதே இல்லை.

போன வருஷம் உங்களுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். ஒன்பது நாளில் முடிந்துவிட்டது. உங்கள் தம்பி சாமான்களை எடுக்க வந்தபோது நானும் அண்ணாச்சியும் கூடப் போனோம். உங்கள் அறைக் கதவைத் திறந்தோம். கட்டிலில் துவைத்த விரிப்பு, சுருக்கமில்லாமல். தலையணைக்கு வேறு உறை. பழையது கொடியில் காய்ந்து விறைத்துக் கிடந்தது. மூச்சு முட்டுகிறவர் குனிந்து துவைத்து, பிழிந்து, உதறி, விரித்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அண்ணாச்சி வெளியே போய்விட்டார். நான் உங்கள் தம்பியிடம் பேசினை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

இப்போது மணி நாலரை. ஹைதராபாத்துக்காரர் வருகிற நேரம். கீழே அடுப்பு எரிகிறது. இன்றைக்கு என் வீட்டில் பதினோரு பேர் தங்கியிருக்கிறார்கள். கணக்குப்பிள்ளை இரண்டு தடவை வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். நான் வியாபாரி, அக்கா. அந்த ஆர்டர் எனக்கு வேண்டும். வேண்டாம் என்று பெருமைக்குச் சொல்லமாட்டேன்.

முன்கதவு பூட்டியிருக்கிறது. சாவி என் மடியில் இருக்கிறது. பேசினில் தண்ணீர் நிரப்பி, பக்கத்தில் சோப்பும் துவைத்த துண்டும் வைத்திருக்கிறேன். அவருடைய பெட்டியை மாடியிலிருந்து இன்னும் இறக்கவில்லை. அவர் எந்த வழியாக வருகிறார் என்று பார்த்துவிட்டு, வேண்டியிருந்தால் இறக்கிக்கொள்கிறேன்.