இறந்தவர் பட்டியலில் பதினொன்றாவது பெயர்

ஸ்ரீராம்புரம், பெங்களூர்
11ஆம் தேதி, புதன்கிழமை

அன்புள்ள மகன் சுனிலுக்கு அம்மா வள்ளியம்மா எழுதுவது.

நான் இங்கே நலம். அங்கே உன் நலமறிய ஆவல் என்று கடிதத்தில் எல்லாரும் எழுதுவார்கள். நான் வழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். ஒன்பது நாளாக உன் போன் அணைந்து கிடக்கிறது. கட்ச் பக்கம் டவர் கிடைக்காது, ஊரைவிட்டுத் தள்ளிப் பொட்டலில் காற்றாலை நிறுத்துகிறோம் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ எப்படியாவது ஒரு தடவை கூப்பிட்டுவிடுவாய். இப்போது ஒன்பது நாள். உன்னைக் கூட்டிப்போய் அங்கே சேர்த்துவிட்ட டெரிக், முகாம் விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு மங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அந்த விலாசத்தை நம்பித்தான் இதை அனுப்புகிறேன்.

கவருக்குள் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். பென்சிலால் குறி போட்ட இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டு, ஆதார் நகலோடு உடனே கூரியரில் திருப்பி அனுப்பு. ஏன் எதற்கு என்று சொன்னால் திட்டுவாய். திட்டுவதற்காகவாவது கூப்பிடு.

போன மாதம் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வீடு வீடாக வந்தார்கள். நம் பூத்துக்கு வந்தவர் மஞ்சுநாத் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார். நல்ல மனிதர், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார். அன்றைக்குப் பார்த்துத் தண்ணீர் லாரிச் சண்டையில் சந்துமுனையில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். நான் மெஜஸ்டிக் லாட்ஜில் பதினெட்டு அறையைப் பெருக்கித் துடைத்துவிட்டு அப்போதுதான் வந்து காலை நீட்டியிருந்தேன். எதிரே ஒருவர் கையில் தாள்கட்டு, அவர் தோளுக்குப் பின்னால் காக்கிச் சட்டை. அவர் தாளைப் பார்த்து, அர்ஜுனன், வயது இருபத்தேழு, இருக்கிறாரா என்று கன்னடத்தில் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. தீர்கொண்ட்ரு சார் என்று சொல்லிவிட்டேன்.

காலமாகிவிட்டார் என்று சொன்னேன், கண்ணு. உன்னைத்தான் சொன்னேன்.

அவர் முகம் வாடிவிட்டது. சின்ன வயசாச்சே, ஆக்சிடெண்டாம்மா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அந்த இடத்திலாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வந்தது பயம்தான். இனிமேல் மாற்றிப் பேசினால் பொய் சொன்னாயா என்று அந்தப் போலீஸ்காரரைக் கூப்பிடுவாரோ என்று வாயைக் கட்டிக்கொண்டேன். அவர் பக்கத்து வீட்டிலும் விசாரித்தார். குளோரியா பாவம், பதினைந்து வருடமாக உன்னைச் சுனில் என்றுதான் அறிவாள். அர்ஜுனன்னு இங்க யாருமே இல்லியே சார் என்று அவளும் சொல்லிவிட்டாள். ஒன்றுக்கு இரண்டு சாட்சி. அவர் எழுதினார், நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். நீ சிரித்துக்கொண்டே கேட்ட கதை. இப்போது சிரிக்காமல் ஒரு தடவை படி. வெள்ளைக்காரன் காலத்தில் உன் அப்பா வழிப் பெரியவர்கள் ஆட்டை ஓட்டிக்கொண்டு ஓசூர் மலைக்கும் அத்திபெலேவுக்குமாக நடந்தவர்கள். அந்தப் பக்கம் சேலம் கலெக்டர், இந்தப் பக்கம் மைசூர் மகாராஜா. ஆடு எந்த ராஜாவைக் கண்டது, புல் இருக்கும் பக்கம் போகும். ஒருநாள் காடு சர்க்காருடையது என்று சொல்லி, மேய்க்க வேண்டுமானால் பாஸ் எடு என்றார்கள். பாஸில் மேய்ப்பவன் பெயரும் ஆட்டுத்தலை எண்ணிக்கையும் எழுதியிருக்கும். அறுபது என்று எழுதி வாங்கிய மறுநாள் இரண்டு ஆடு குட்டி போட்டால் அந்த இரண்டு குட்டியும் குற்றம். உன் அப்பாவின் தாத்தா அர்ஜுனன் அப்படித்தான் மாட்டினார். காட்டுக் காவல்காரன் தாளைப் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டபோது, நான்தான் சாமி என்று முன்னால் போய் நின்றாராம். ஆட்டையெல்லாம் சர்க்கார் பவுண்டுப் பட்டியில் அடைத்தார்கள், அவரைச் சேலம் ஜெயிலில் அடைத்தார்கள். திரும்பி வந்தபோது எலும்பும் இருமலும்தான் மிச்சம். அடுத்த மழைக்கு அவர் இல்லை.

அதற்குப் பிறகு நம் வீட்டில் யாரும் சர்க்கார் தாளில் உயிரோடிருப்பவன் பெயரைக் கொடுத்ததில்லை. செத்தவர் பெயரைக் கொடு, தேடி வந்தால் செத்துவிட்டார் என்று சொல். பொய் சொன்ன பாவமும் இல்லை, கேட்டால் சமாதியையும் காட்டலாம். உன்னைப் பள்ளியில் சேர்க்கும்போது அப்பா உன் பெயரை அர்ஜுனன் என்று எழுதிக் கொடுத்ததும் அதனால்தான். வீட்டுக்கும் தெருவுக்கும் சுனில், தாளுக்கு அர்ஜுனன். நான் கல்யாணமாகி வந்த வாரமே எனக்கும் பாடம் ஆயிற்று: தாளோடு ஒருவன் வந்து அர்ஜுனன் எங்கே என்றால் என்ன சொல்ல வேண்டும் என்று. முப்பது வருடமாக யாரும் வந்து கேட்கவில்லை. கேட்ட அன்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பள்ளிக்கூடத்துச் சுவரில் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். இருப்பவர்கள் ஒரு பக்கம், நீக்கப்பட்டவர்கள் ஒரு பக்கம். இடம் மாறியவர்கள், இறந்தவர்கள் என்று தனித்தனியாக. இறந்தவர்களில் பதினொன்றாவது பெயர் உன்னுடையது. மேலே நம் டைலர் தாத்தா, கீழே யாரோ ஒரு எண்பது வயது அம்மாள். நடுவில் நீ, இருபத்தேழு. பட்டியலைச் சுவரில் ஒட்டிய அன்றைக்குத்தான் உன் போன் அணைந்தது.

அதற்கு முன் நீ இரண்டு தடவை பேசினாய். சாப்பாடு எப்படி, வெயில் எப்படி என்று என்னென்னவோ கேட்டேன், இதைச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்லலாம் என்றால் நீ எடுக்கவில்லை. நீ ஏறி வேலை செய்வது நூறு ஆள் உயரத்தில். பெற்றவள் வாயால் அப்படி ஒரு வார்த்தை வந்துவிட்டதே என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்யப் போனேன். பூசாரி பெயர் கேட்டார். எந்தப் பெயரைச் சொன்னால் அது உன்னை வந்து சேரும் என்று தெரியாமல் நின்றேன். கடைசியில் என் மகன் என்று மட்டும் சொன்னேன்.

சந்தில் ஆளுக்கொரு பேச்சு. பட்டியலில் இல்லாதவன் வார்டு தேர்தலில் ஓட்டுப் போட முடியாது என்பதோடு நிற்காது, நாளைக்கு ரேஷன் போகும், பாஸ்போர்ட் போகும், நீ எந்த ஊர்க்காரன் என்று தமிழ்க்காரர்களைத்தான் முதலில் கேட்பார்கள் என்கிறார்கள். எது உண்மை எது புரளி என்று எனக்குத் தெரியவில்லை. உன் பெயரைத் திரும்பச் சேர்க்கத்தான் அந்தப் படிவம், அதற்கு வார்டு ஆபீசில் பதினெட்டாம் தேதி விசாரணை. நான் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். பொய்த் தகவல் கொடுத்தால் ஒரு வருடம் வரை ஜெயில் என்று படிவத்தின் அடியில் போட்டிருப்பதைக் குளோரியா படித்துக் காட்டினாள். நல்லதற்குத்தான் படித்தாள். அதிலிருந்து வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்துபோய்க் கதவிடுக்கில் பார்க்கிறேன்.

படிவம் வராவிட்டாலும் பரவாயில்லை. ஒரு வரி வரட்டும்.

உன் அம்மா,
வள்ளியம்மா

ஸ்ரீராம்புரம், பெங்களூர்
18ஆம் தேதி, புதன்கிழமை

சுனில் கண்ணுவுக்கு அம்மா மறுபடியும் எழுதுவது.

முதல் கடிதம் உன் கைக்கு வந்ததா தெரியவில்லை. இதில் படிவத்தின் இன்னொரு நகல் வைத்திருக்கிறேன். இன்று விசாரணைக்குப் போய்வந்தேன். என்னை ஜெயிலில் போடவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வார்டு ஆபீஸ் மாடியில் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தோம். பாதிப்பேர் இடம் மாறியதாக எழுதப்பட்டவர்கள், வீடு பூட்டியிருந்ததைப் பார்த்து அப்படி எழுதியிருக்கிறார்கள். வேலைக்குப் போனால் வீட்டைப் பூட்டாமல் என்ன செய்வது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். அடுத்து அர்ஜுனன் என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெரியவர் காட்டில் முன்னால் போய் நின்ற பிறகு நம் வீட்டில் யாரும் சர்க்கார் ஆள் முன்னால் அந்தப் பெயருக்கு எழுந்து நின்றதில்லை. நான் நின்றேன். முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். இருக்கான் மேடம், என் மகன் உயிரோட இருக்கான் என்று சொன்னேன். கன்னடம் வரவில்லை, தமிழ்தான் வந்தது. விசாரித்த அதிகாரியம்மாவுக்குப் புரிந்தது.

செத்துவிட்டான் என்று எழுதிக் கொடுத்ததும் நீங்கள்தானே என்றார். ஆமாம் என்றேன். ஆடு, பாஸ், ஜெயில் எல்லாவற்றையும் உளறிக்கொட்டினேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில், நீங்கள் சொன்னதை எழுதிக்கொள்கிறேன், ஆனால் ஆள் நேரில் வர வேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்தும் நகலும் வர வேண்டும், தாய் சொல் மட்டும் போதாது என்றார். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, செத்தான்னு சொன்னப்ப என் வாய்ச்சொல் போதுமா இருந்துச்சே மேடம், இருக்கான்னு சொன்னா மட்டும் தாள் வேணுமா என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மஞ்சுநாத் சாரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலைகுனிந்துகொண்டு, இறப்புச் சான்றிதழ் கேட்காமல் எழுதியது என் தப்பு என்றார். முப்பதாம் தேதி வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

இனி எழுதப்போவதற்கும் தேர்தலுக்கும் சம்பந்தம் இல்லை.

உன் முகாம் மேஸ்திரியின் போன் எண்ணை டெரிக் மங்களூரிலிருந்து நேற்று அனுப்பினான். குளோரியா போட்டுக் கொடுத்தாள், எனக்குத் தெரிந்த தக்னி உருதுவில் பேசினேன். எடுத்தவர் மேஸ்திரி இல்லை, ஆட்கணக்கு எழுதுபவராம். சுனில் இருக்கிறானா என்றேன். அப்படி யாரும் இல்லை என்றார். அர்ஜுனன் என்றேன். தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. அந்தப் பெயரிலும் இல்லை, பெங்களூர் ஆள் ஒருவர்தான், அவர் பெயர் வேறு என்று சொல்லி வைத்துவிட்டார்.

குளோரியா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடிக்கவில்லை. சுவரில் உன் அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படத்துக்குப் போட்ட மாலை காய்ந்திருக்கிறதே, மாற்ற வேண்டுமே என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் வீட்டில் கடைசியாக இறந்தவர் யார்? மறுபடியும் போட்டுக் கொடு என்றேன். கூச்சத்தோடுதான் கேட்டேன், நாராயணசாமி இருக்கிறாரா என்று. இருக்கிறாரே, மேலே ஏறியிருக்கிறார், இறங்க சாயங்காலம் ஆகும் என்றார் அந்த ஆள்.

நாலு வருடத்துக்கு முன்னால் நான் சுடுகாட்டுக்கு அனுப்பிவைத்த மனுஷன் மேலே ஏறியிருக்கிறார் என்று ஒருவர் சொல்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. போன் ஏன் எடுப்பதில்லை என்று கேட்டேன். மேலேயிருந்து விழுந்து உடைந்துவிட்டதாம். போன் மட்டும்தான் விழுந்ததா என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இறங்கியதும் கூப்பிடச் சொல்லுங்கள் என்றேன். சரி என்றார். நேற்றைய சாயங்காலமும் போயிற்று, இன்றைய சாயங்காலமும் போய்க்கொண்டிருக்கிறது.

நீ ஏன் அந்தப் பெயரைக் கொடுத்தாய் என்று கேட்க மாட்டேன். புது ஊர், தாளோடு ஒருவன் வந்து பெயர் கேட்டிருப்பான், வாய் தானாகச் சொல்லியிருக்கும். என் வாய் சொன்னதுபோல. உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

ஆனால் ஒன்றை நினைத்துப் பார். அந்த உயரத்தில் உனக்கு ஏதாவது ஒன்று என்றால், நான் அந்த வார்த்தையை இனி எழுத மாட்டேன், ஏதாவது ஒன்று என்றால் அவர்கள் தாளில் நாராயணசாமி என்றுதான் எழுதுவார்கள். நாராயணசாமிக்கு யார் இருக்கிறார்கள் என்று தேடினால் அவர் செத்து நாலு வருடம் ஆயிற்று என்றுதான் தெரியும். என் வாசலுக்கு எவனும் வரமாட்டான். நான் பாட்டுக்கு இங்கே போனைப் பார்த்துக்கொண்டு, டவர் இல்லை போலிருக்கிறது என்று உட்கார்ந்திருப்பேன். நம் பெரியவர்கள் தேடி வருபவனுக்குப் பயந்து செய்த ஏற்பாடு இது. எனக்கு இப்போது தேடி வர ஆளில்லாமல் போய்விடுமோ என்றுதான் பயம்.

அதனால் ஒரே ஒரு காரியம் செய். படிவம் கிடக்கட்டும், ஓட்டு அடுத்த தடவை போட்டுக்கொள்ளலாம். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும், மறுபடி ஏறுவதற்கு முன்னால், அந்த ஆட்கணக்கு எழுதுபவரிடம் போ. அப்பா பெயரை அடிக்கச் சொல். அர்ஜுனன் என்று எழுதச் சொல். பக்கத்தில் தாயார் வள்ளியம்மா, ஸ்ரீராம்புரம் என்று என் போன் எண்ணோடு எழுதச் சொல். என் பெயரைத் தேடி எந்தக் காலத்திலும் எந்த சர்க்காரும் வந்ததில்லை, அதனால் அது ஒன்றுதான் நம் வீட்டில் யாரிடமும் இரவல் வாங்காத பெயர். அவர் எழுதி முடித்துத் திரும்பப் படிக்கும்போது, நான்தான் என்று சத்தமாகச் சொல்.

நீ நூறு வயது இருக்க வேண்டும், கண்ணு. நான் சொன்னது பலிக்கக் கூடாது, இது பலிக்க வேண்டும்.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா வள்ளியம்மா