கதவைச் சாத்திப் பாட்டுக் கேட்ட மச்சானுக்கு

என் பிரியமான மச்சானே,

உங்களுக்கு இன்னும் வருஷத் திதிகூட வரவில்லை. அதற்குள் உங்கள் மேல் இவ்வளவு கோபம் வருமென்று நான் நினைக்கவில்லை. உங்கள் ஸ்டீரியோ செட்டை விற்றுக் கொடுக்கும் வேலையை அக்கா என் தலையில் கட்டிவிட்டாள். ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு, பல்பு மாதிரி வால்வு எரியும் ஒரு பெட்டி, அம்மிக்கல் கனத்தில் இன்னொரு பெட்டி, சிடி போடும் ஒரு பெட்டி, நீங்கள் யாரையும் மிதிக்க விடாத ஒயர்கள். இதையெல்லாம் வைத்துக்கொண்டு நான் படும் பாடு உங்களுக்கு எங்கே தெரியப் போகிறது?

நீங்கள் பாட்டுக் கேட்ட அறையை அக்கா வாடகைக்கு விடப் போகிறாள். காலேஜில் பாடம் நடத்தும் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் ஒன்றாம் தேதி குடி வருகிறார்கள். "ஊட்ல ஆள் சத்தமே இல்ல கண்ணு. படுத்தாத் தூக்கம் வரமாட்டீங்குது" என்றாள் அக்கா. தெருவிலேயே விலை உயர்ந்த செட்டு இருக்கிற வீட்டில் சத்தம் இல்லையாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இணையத்தில் விளம்பரம் போட்டேன். போன் செய்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "எதுக்குங்க குடுக்கறீங்க?" நன்றாக வேலை செய்கிறதா என்பதெல்லாம் அப்புறம். மச்சான் தவறிவிட்டார் என்று உண்மையைச் சொன்னேன். ஒருவர் குரலைத் தாழ்த்தி, "இதக் கேட்டுட்டு இருக்கறப்பவேங்களா?" என்றார். இல்லைங்க, ஆஸ்பத்திரியில் என்றேன். "ஊட்ல கலந்துட்டுச் சொல்றனுங்க" என்று வைத்தவர்தான். இன்னொருவர் வால்வை மட்டும் கழற்றித் தரச் சொன்னார். கடைசியில் நானும் கெட்டுப்போனேன். "அமெரிக்கா போறாங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன். அதைக் கேட்டு எல்லோருக்கும் ஒரே சந்தோஷம்.

பழைய சாமான் வாங்கப் போனால் நீங்களும் முதலில் அதைத்தானே கேட்பீர்கள்? இந்த ஸ்பீக்கரை வாங்கக் கிணத்துக்கடவுத் தோப்பு வீட்டுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? விற்றவருக்கு முகம் தொங்கிப் போயிருந்தது. அவர் சம்சாரமோ இளநீர் வெட்டிக் கொடுத்து, ஒரு பக்கம் கைகொடுத்து வண்டி வரைக்கும் தூக்கியும் விட்டார். வழியெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தோம். "கெட்டுப்போயி விக்கறவன் கம்மி மாப்ள. ஒண்ணு ஊட்டுக்காரி தொந்தரவு, இல்லீனா அபார்ட்மெண்ட்டுக்குப் போறவன். மத்தவனெல்லாம் இதவுட நல்லது வேணும்னு விக்கறவன். வாங்குன புதுசுல பாட்டக் கேப்பான், அப்பறம் குறையத்தான் கேப்பான்" என்று பெரிய ஞானி மாதிரி சொன்னீர்கள். செத்துப்போனவன் செட்டும் சந்தைக்கு வரும் என்று ஏன் சொல்லவில்லை? அந்த அம்மா ஏன் அவ்வளவு ஆசையாகத் தூக்கிவிட்டார் என்று நாம் இரண்டு பேரும் ஏன் யோசிக்கவே இல்லை?

போன ஞாயிற்றுக்கிழமை பல்லடத்திலிருந்து ஒருவர் வண்டியோடு வந்தார். தறிக்கூடம் வைத்திருக்கிறார். "நாளெல்லாம் தறிச் சத்தமுங்க. ஊட்டுக்கு வந்தாக் காதுக்கு நல்லதா எதாச்சும் போடோணும்" என்றார். எனக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று.

போட்டுக் காட்டலாம் என்று போனால், எந்த சுவிட்ச் முதலில் என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை. உங்களோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவள், கூட்டிப் பெருக்குவதற்குத் தவிர அந்த அறைக்குள் போனதில்லை. "தொடாதீங்க, வால்வு போயிரும்" என்று சொல்லிச் சொல்லியே எல்லோரையும் வெளியே நிறுத்தி வைத்திருந்தீர்களே. கையில் பட்டதையெல்லாம் அமுக்கினேன். வீடே அதிர்கிற மாதிரி ஒரு இடி இடித்தது. "ஐயோ, கனமான பெட்டியக் கடைசியாப் போடோணுங்க!" என்று பல்லடத்துக்காரர் என்னைத் தள்ளிவிட்டு, எல்லாவற்றையும் அணைத்து, அவரே முறையாகப் போட்டார்.

அறையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் அக்காவை உட்காரச் சொன்னார். "நல்லா நடுவுல உக்காருங்க அம்மணி, அப்பத்தான் சரியாக் கேக்கும்." அவள் கூச்சப்பட்டுக்கொண்டே உட்கார்ந்தாள். நீங்கள் கடைசியாகப் போட்ட சிடியே உள்ளே இருந்தது. ஒரு பெண் பாடினாள். அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

பாட்டு முடியும்வரை அக்கா அசையவில்லை. "உன்ற மச்சான் கேட்டது இதையா கண்ணு?" என்றாள். "எனக்குச் சமையக்கட்டுல டொம்மு டொம்முனுதான் கேக்கும், செவுரு அதிரும். அவங்களுக்கு அந்தச் சத்தம் புடிச்சிருக்குதாட்ட இருக்குதுன்னு விட்டுப்போட்டேன்."

பிறகு உங்கள் படத்தைப் பார்த்துத் திரும்பினாள். "ஏனுங்க, கதவத் தொறந்தாச்சும் வெச்சிருக்கக் கூடாதுங்களா?"

பதில் இருக்கிறதா மச்சான்? ஏசிக் குளிர் போய்விடும், சத்தம் கெட்டுவிடும் என்பீர்கள். எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று இப்போதும் தெரியவில்லை.

பல்லடத்துக்காரர் அடுத்த பாட்டுக்குக் கையை நீட்டினார். "வேண்டாமுங்க" என்று அக்கா எழுந்துவிட்டாள். "இன்னொண்ணு கேட்டா குடுக்க மனசு வராது. ரூம் தர்றேன்னு அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிப்போட்டேன். ஏத்துங்க."

ஏற்றினார்கள். வண்டி கிளம்பும்வரை அவள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

இவ்வளவு நல்ல சாமான் ஏன் விற்பனைக்கு வருகிறது என்று இனி யாராவது கேட்டால், அமெரிக்கா கதையெல்லாம் சொல்ல மாட்டேன். வீட்டில் வேறு யாரையும் தொட விடவில்லைங்க, அதனால்தான் என்று சொல்லிவிடுவேன். உங்களைக் குறை சொல்ல எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் சொல்வேன்.

வருகிற வாரம் அக்காவைக் காந்திபுரத்துக்குக் கூட்டிப் போகிறேன். சின்னதாக ஒரு செட்டு, பழசாக இருந்தாலும் சரி. கடைக்காரர் போட்டுக் காட்டக் கூடாது, அவளே போட்டுப் பார்த்து, அவள் காதுக்குப் பிடித்ததை எடுக்கட்டும். அதைச் சமையலறையில்தான் வைப்பேன். பிசுக்கு ஏறிவிடும் என்று நீங்கள் அங்கிருந்து எவ்வளவு கத்தினாலும் கேட்க மாட்டேன். எண்ணெய்க் கையோடுதான் அவள் அந்த சுவிட்சைப் போடுவாள். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்கள் மேல் கோபம் தீராத மாப்பிள்ளை,
குமரேசன்