முப்பதாவது விநாடி

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு துயரச் செய்தியை ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். நேற்று மாலை நாலே முக்கால் மணிக்கு, பள்ளிக்கூட பஸ்ஸில், என் இயர்போனின் இடது பக்கம் காலமானது. வயது ஒன்றரை. கடைசி மூச்சு வரை பாடிக்கொண்டேதான் இருந்தது. துக்கத்தில் ஆழ்ந்திருக்கும் வலது பக்கம் இப்போது தனியாளாக உழைத்து என்னைக் காப்பாற்றுகிறது.

அம்மாவிடம் புதிது கேட்டேன். "உனக்கு ஒரு காது போதும். நான் சொல்றது ரெண்டுலயுமே ஏறுறதில்ல" என்றாள்.

இனி வேலைக்கு வருவோம். இந்த வாரப் புது வெளியீடுகள். 'மாடிப்படி' குழுவின் 'ஈரத்துண்டு' பாட்டைத் தவறவிடாதே. நாலு பையன்கள், சினிமா கினிமா கிடையாது, சொந்தமாக எழுதி வீட்டிலேயே பதிந்திருக்கிறார்கள். டிரம்ஸுக்குப் பதில் பக்கெட். அந்த பக்கெட்டுக்கே விருது கொடுக்கலாம். அடுத்தது 'ஏழரை மணி வண்டி'. மெட்டு நல்ல மெட்டு, வரிகள்தான் மொட்டை.

நம் சட்டப்படி ஒவ்வொன்றையும் மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். மெட்டுக்கு ஒரு தடவை, வரிக்கு ஒரு தடவை, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை. வகுப்பில் இப்போது என் பெயரே 'நீதிபதி'தான். நான் ஒரு பாட்டைக் கிழித்தால் கிழித்ததுதான், எந்தத் தையல்காரனாலும் ஒட்டுப்போட முடியாது.

கடிதமாகத்தான் எழுத வேண்டும் என்று நீ படுத்துகிற பாட்டில் என் விரல் படும் பாட்டைத் தனியாக வெளியிடலாம் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒற்றைக் காது நீதிபதி


ஜூன் 9

அன்பு வாலு,

இரங்கல் செய்தி கிடைத்தது. வலது பக்கத்துக்கு என் ஆறுதலைச் சொல்.

'ஈரத்துண்டு' கேட்டேன். பக்கெட் பற்றி நீ எழுதியது சரி. ஆனால் மூன்றாவது தடவைதான் ஒன்று தெரிந்தது. அதை அடிக்கிற பையன் நடுவில் ஓரிடத்தில் கொஞ்சம் அவசரப்படுகிறான். அந்த அவசரம்தான் எனக்குப் பிடித்தது. நீயும் கவனித்தாயா?

விரல் வலிக்கிறது என்று அழாதே. போனில் என்றால் பாட்டு முடிவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடுவாய். தபால் போய்ச்சேர நாலு நாள். அதற்குள் மூன்று தடவை கேட்க எவனுக்கும் நேரம் இருக்கும். அதனால்தான் இந்தச் சட்டம்.

இங்கே மூக்குக்கண்ணாடிக் கடையில் என்னைப் பின்னறைக்கு மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்க லென்ஸ் தீட்டும் மிஷினோடுதான் குடித்தனம். முதலாளி சாப்பிடப் போகும் ஒரு மணி நேரம் மட்டும் அந்த அறை எனக்கே எனக்கு.

ஒரு உதவி செய். வெள்ளிக்கிழமை ஒரு பாட்டு வந்திருக்கிறது. பாடியவள் 'கிட்டப்பார்வை' என்று பெயர் வைத்திருக்கிறாள். பாட்டு, 'மதியம் ஒன்றரை'. யார், எவர் என்று கேட்காதே. மூன்று தடவை கேட்டுவிட்டு உள்ளதை எழுது. நன்றாயில்லை என்றாலும் பரவாயில்லை. மேற்கொண்டு பாடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய ஒருத்திக்காகக் கேட்கிறேன். அவளுக்கு வேறு யாரையும் கேட்கத் தைரியமில்லை. எனக்கும் உன் காதைத்தான் நம்பத் தோன்றுகிறது.

அக்கா


ஜூன் 13

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதமாக மனு போட்டிருக்கிறாய். அந்த வழக்கில் தீர்ப்பு எப்போதோ வழங்கியாகிவிட்டது. பாட்டு வந்த அன்றே 'ஒற்றைக் காது' என்ற பெயரில் கமெண்ட் போட்டேன். அப்படியே எடுத்து எழுதுகிறேன், கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்:

"பேரு கிட்டப்பார்வையாம். தயவுசெஞ்சு எட்டப் போய்ப் பாடுங்க. பின்னாடி ஓடுறது மிக்ஸியா, பல் டாக்டரோட மிஷினா? பாடகிக்கு ஜலதோஷம், பாட்டுக்குக் காய்ச்சல், கேட்டவனுக்குத்தான் ஊசி."

அறுநூற்றுப் பன்னிரண்டு லைக், அக்கா. பாட்டுக்கு எழுபதுகூட இல்லை. அதன் உச்சியில் உட்கார்ந்திருப்பது என் கமெண்ட்தான். எங்கள் வகுப்பில் மொத்தப் பேருக்கும் மனப்பாடம்.

நீ கேட்டதால் முறைப்படியும் சொல்கிறேன். மூன்று தடவை கேட்டாயிற்று, கண்ணை மூடியும் கேட்டாயிற்று. குரல் மூக்கில் வருகிறது. முடிவு அதைவிட மோசம். ஒன்றுமே இல்லாமல், மிஷினை அணைத்த மாதிரி சட்டென்று நின்றுவிடுகிறது. அந்த ஒருத்தி முடிவெடுக்க ரொம்பச் சிரமப்பட வேண்டாம் என்று சொல்.

இப்படிக்கு,
அறுநூற்றுப் பன்னிரண்டு பேரின் தலைவன்


ஜூன் 21

தம்பி,

அந்தப் பாட்டு என்னுடையது.

பின்னால் ஓடுவது லென்ஸ் தீட்டும் மிஷின். முதல் முப்பது விநாடி அது மட்டும்தான் கேட்கும். பிறகு நான் கையை நீட்டி அதை அணைத்துவிட்டுப் பாட ஆரம்பிப்பேன்.

பாட்டைப் போட்ட பிறகு கமெண்ட் பக்கமே போகத் தைரியமில்லாமல் இருந்தேன். போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் பிரேம் மாட்டுகிற அண்ணன் போனைப் பார்த்துச் சிரித்தார். "இதைக் கேளும்மா, எவனோ ஒருத்தியக் கிழிச்சுத் தொங்கவிட்டிருக்கான்" என்று முழுவதும் படித்துக் காட்டினார். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் கண்டுபிடித்துவிடுவாரே. அன்று சாயங்காலம் பாட்டை எடுத்துவிட்டேன். மறுநாள் உன் கடிதம் வந்தது. அதற்குப் பிறகுதான் அந்த எவனோ யார் என்று தெரிந்தது.

கிண்டலுக்குக் கோபமில்லை. உன் வாய் எனக்குத் தெரியாததா? மூன்று தடவை கேட்டுவிட்டு நன்றாயில்லை என்று சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுதுவிட்டு ஒப்புக்கொண்டிருப்பேன்.

பாட்டின் முடிவில் ஒரு சிரிப்பு வரும். உனக்கு ஏழு வயதில், நான் பாடிப் பதிந்துகொண்டிருந்தபோது கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்து சிரித்துக் கெடுத்தாயே, அந்தச் சிரிப்பு. ஒன்பது வருஷமாக வைத்திருந்தேன். பத்து விநாடி ஓடும். நீ அதுவரை கேட்டிருந்தால், யார் பாடியது என்று நான் சொல்ல வேண்டியே இருந்திருக்காது.

இனி என்னிடமிருந்து பாட்டுப் பட்டியல் வராது. நீயும் அனுப்ப வேண்டாம்.

அக்கா


ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடைசிக் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. வந்திருந்தால்தான் ஆச்சரியம். இரண்டிலும் ஜோக் எழுதியிருந்தேன்.

அம்மாவோடு நீ போனில் பேசியது தெரியும். "அவ இப்பல்லாம் பாடுறதே இல்லையாம்டா. வேலை ஜாஸ்தி போல" என்றாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

இடது இயர்போன் செத்துப்போனதால் அந்தச் சிரிப்பு கேட்கவில்லை என்று எழுதலாமென்று பார்த்தேன். ஒரு பக்கம் எழுதியும்விட்டேன். நன்றாகத்தான் வந்திருந்தது. கிழித்துவிட்டேன்.

நான் கேட்டது பத்தொன்பது விநாடி. ஒரே ஒரு தடவை. வேறு எவனாவது முந்திக்கொள்வதற்குள் போட்டுவிட வேண்டும் என்ற அவசரம். நீ பாட ஆரம்பிப்பதற்குள் நான் எழுத ஆரம்பித்துவிட்டேன். குரல் மூக்கில் வருகிறது என்றேனே, அந்தக் குரலை நான் கேட்கவே இல்லை. 'ஈரத்துண்டு'கூடப் பாதிதான். பக்கெட்டைப் பற்றி யாரோ கமெண்டில் எழுதியிருந்ததைத்தான் திருப்பி எழுதினேன். நீ வேலைக்குப் போன இந்த இரண்டு வருஷத்தில் மூன்று தடவை கேட்டது நீ ஒருத்திதான்.

உன் கடிதம் வந்த அன்றே பாட்டைத் தேடினேன். 'நீக்கப்பட்டது' என்றிருந்தது. தினமும் ஒரு தடவை பார்க்கிறேன், அப்படியேதான் இருக்கிறது.

நேற்றுகூட வகுப்பில், "நீதிபதி, அந்தக் கிட்டப்பார்வை பாட்டைப் பாடிக் காட்டுடா" என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மிஷின் மாதிரி 'ர்ர்ர்' என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். உன் பாட்டில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அக்கா.

தம்பி