எடுத்துவிட்ட காட்சி

துப்பட்டாவில் இன்னும் பாப்கார்ன் வாசனை போகவில்லை. நேற்று தஞ்சாவூரில் படம் பார்த்தேன். கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு நாம் பார்த்தோமே, மனிதன் ஓநாயாக மாறும் டப்பிங் படம், அதையே கோடிகளைக் கொட்டி மறுபடி எடுத்திருக்கிறார்கள்.

ஓநாயின் ஒவ்வொரு மயிரும் தெரிகிறது. எலும்பு முறிந்து நீள்வதை அங்குலம் அங்குலமாகக் காட்டுகிறார்கள். காது கிழியும் சத்தம். ஆனாலும் பயம் வரவில்லை, முன்வரிசையில் சிரித்தார்கள். அந்த மனிதன் யார், அவனுக்கு என்ன வேதனை என்று சொல்ல இவர்களுக்குப் பொறுமையில்லை. அவன் மனைவியை உட்காரவைத்துப் பேசும் காட்சியையே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

பழைய படத்தில் ஓநாய்க்கு முடி ஒட்டியிருந்த பசைகூடத் தெரிந்தது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "எனக்கு இப்படியொரு வியாதி இருக்கு. கதவைப் பூட்டிக்கோ, விடிஞ்சதும் வந்து என்னைக் கூப்பிடு" என்று அவன் மனைவியிடம் சொன்னபோது உன் சிரிப்பு நின்றது.

பூதலூருக்குத் திரும்பும் ரயிலில்தான் சொன்னாய். "எனக்கு வலிப்பு வரும்டி. வெளியில சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க. அது வர்றப்ப நான் எப்படி இருப்பேன்னு எனக்குத் தெரியாது. முழிச்சதும் அம்மா மூஞ்சியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவேன்."

இரண்டு வருடம் கழித்துத் திருப்பனந்தாள் பக்கம் உனக்கு மாப்பிள்ளை அமைந்தது. "அவர்கிட்ட சொல்லிடப் போறேன்டி. படத்துல அவன் சொன்னான்ல?" என்றாய்.

"பைத்தியமாடி உனக்கு? கல்யாணம் நின்னுடும். மாத்திரையை மறைச்சு வச்சுப் போட்டுக்க."

நான்தான் அப்படிச் சொன்னேன். நீயும் கேட்டுக்கொண்டாய். உன் அம்மா என் கையைப் பிடித்து, "நல்ல புத்தி சொன்னம்மா" என்றார்.

புகுந்த வீடு நிறைய ஆட்கள். மறைக்க இடமில்லாத நாட்களில் மாத்திரை போடுவதில்லை என்று போனில் சொல்வாய். நான் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். மூன்றாம் வருடம், சம்பா நடவு நேரம். எல்லோரும் வயலில் இருந்தார்கள். நீ துணி துவைக்கத் தனியாக வாய்க்காலுக்குப் போனாய்.

காரியத்தன்று உன் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார். "முழங்கால் தண்ணிங்க. அதுல எப்படிங்க?"

கொல்லைப்பக்கம் அவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கச் சொன்னது நான் என்பதையும். திட்டுவார் என்று நின்றேன்.

"சொல்லியிருந்தா நானும் கூடப் போய்க் கரையில உக்காந்திருப்பேனேங்க" என்றார்.

உனக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டிய சொல் அது. இத்தனை வருடமாக என்னிடம் இருக்கிறது.